இரண்டாவது இணைப்பு: காட்டுப்பாக்கத்தில் ஸ்விட்சும் ரவுட்டரும்

சென்னையின் மேற்குப் புறநகரில், போரூருக்கும் பூந்தமல்லிக்கும் இடையே மவுண்ட்–பூந்தமல்லி சாலையை ஒட்டி இருக்கிறது காட்டுப்பாக்கம். கிழக்கே போரூர், மணப்பாக்கம் பகுதிகளின் மென்பொருள் வளாகங்கள். வடக்கிலும் மேற்கிலும் அம்பத்தூர், திருமழிசை தொழிற்பேட்டைகள். இரண்டு திசைக்கும் வேலைக்குப் போய்வருகிறவர்கள் குடியிருக்கும் ஊர் இது. இத்தகைய ஊர்களில் கடந்த சில ஆண்டுகளில் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது: ஒரே வீட்டுக்கு இரண்டு நிறுவனங்களிடமிருந்து இணைய இணைப்பு வாங்கி, ஒன்று அறுந்தால் மற்றொன்றில் வேலையைத் தொடர்வது.

இரண்டு இணைப்பு வாங்கியதும் எழும் கேள்வி, இரண்டையும் எந்தப் பெட்டியில் சேர்ப்பது என்பது. ஐந்து போர்ட் ஸ்விட்ச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரட்டை இணைப்பை ஏற்கும் ரவுட்டருக்கு அதைப்போலப் பல மடங்கு ஆகிறது. பார்வைக்கு இரண்டும் வரிசையாகத் துளைகள் கொண்ட பெட்டிகள்தான். ஆனால் ஸ்விட்சின் வேலை இணைப்பது. ரவுட்டரின் வேலை வழியைத் தேர்ந்தெடுப்பது. மாற்று இணைப்புக்குத் தேவைப்படுவது இந்த இரண்டாவது வேலை. இவ்வளவு அடிப்படையான வேறுபாடு புறநகர் வீடுகளில் நெடுநாள் மங்கலாகவே இருந்ததற்குக் காரணம், இணையம் இங்கே வந்து சேர்ந்த விதம்.

ஒரே கம்பியின் காலம்

சென்னையில் தொலைபேசி நிலையம் 1882 ஜனவரியில், கல்கத்தா, பம்பாய் நிலையங்களோடு ஒரே நேரத்தில் தொடங்கப்பட்டது. அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக ஒரு வீட்டுக்கு ஒரு தொலைபேசிக் கம்பி என்பதே பெரிய வசதி. 1990-களின் தொடக்கம்வரை அந்த ஒரு கம்பிக்கும் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியபோது, அதுவும் இந்தக் கம்பி வழியாகவே வந்தது. தொடக்க வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். மோடம் தொலைபேசி எண் ஒன்றைச் சுழற்றி இணைப்பைப் பிடிக்கும். அது பிடித்திருக்கும்வரை வீட்டில் வேறு யாரும் பேச முடியாது.

1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களும் இணையச் சேவை தரலாம் என்று அரசு அனுமதித்தது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே, பின்னாளில் சிஃபி எனப் பெயர் மாறிய நிறுவனம், முதல் தனியார் சேவையாளராகக் களமிறங்கியது. மாற்று இணைப்பின் முதல் வடிவம் இங்கே தோன்றியது: வி.எஸ்.என்.எல். எண் கிடைக்கவில்லையென்றால் சத்யத்தின் எண்ணைச் சுழற்றுவது. இரண்டு பயனர்பெயர், இரண்டு கடவுச்சொல். கம்பி மட்டும் ஒன்றே. எந்த எண்ணைச் சுழற்றுவது என்று முடிவெடுத்தவர் கணினி முன் உட்கார்ந்திருந்தவர். இணையத்தைத் தொட்டது ஒரே ஒரு கணினி என்பதால் ஸ்விட்சும் தேவைப்படவில்லை, ரவுட்டரும் தேவைப்படவில்லை.

மொட்டை மாடியில் ஸ்விட்ச்

2000-ஐ ஒட்டிச் சென்னையில் அகலப்பட்டை இணைப்பு இரண்டு வழிகளில் வந்தது. டிஷ்நெட் டி.எஸ்.எல். நிறுவனம் செம்புக் கம்பி வழியே டி.எஸ்.எல். சேவையைக் கொண்டுவந்தது. மற்றொரு வழி கேபிள் டிவி ஆபரேட்டர்களுடையது. சிஃபி போன்ற நிறுவனங்கள் ஆபரேட்டரின் கட்டடம்வரை கம்பியில்லா இணைப்பைக் கொண்டுவந்து நிறுத்த, அங்கிருந்து சந்தாதாரர் வீடுவரை ஈதர்நெட் கேபிளை இழுத்துச் செல்வது கேபிள்காரரின் பொறுப்பாயிற்று. தெருத்தெருவாகப் பள்ளம் தோண்ட அவசியமில்லை. மாடிக்கு மாடி, கம்பத்துக்குக் கம்பம் கேபிள் போனது.

ஈதர்நெட் 1973-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்கஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கிய முறை. ஓர் அலுவலகத்துக்குள் இருக்கும் கணினிகளை இணைப்பதற்கென்று பிறந்தது. இரட்டைமுறுக்குச் செம்புக் கேபிளில் அதன் எல்லை 100 மீட்டர். அதைத் தெருவுக்கு இழுத்தபோது 100 மீட்டருக்குள் ஒரு ஸ்விட்ச் வைத்தாக வேண்டியதாயிற்று. தகரப் பெட்டிக்குள் ஒரு ஸ்விட்ச், அதற்குப் பக்கத்து வீட்டிலிருந்து மின்சாரம்: இதுவே அன்றைய புறநகர் இணையத்தின் உடற்கூறு. இடி இடித்தால் போர்ட்டுகள் கருகும். மின்சாரம் கொடுத்த வீட்டில் ஃபியூஸ் போனால் வரிசையில் பின்னால் இருந்த வீடுகள் அத்தனையும் இணையம் இழக்கும். ஆபரேட்டரின் ஆள் வந்து பெட்டியைத் திறந்து ஸ்விட்சை மாற்றினால் இணையம் திரும்பும். ஸ்விட்ச்தான் இணையம் தரும் பெட்டி என்ற எண்ணம் பலர் மனத்தில் பதிந்தது இப்படித்தான்.

ஸ்விட்ச் அன்றைக்குப் புதிய கருவிதான். அதற்கு முன்னோடியான ஹப், ஒரு துளையில் வந்த தகவலை மற்ற எல்லாத் துளைகளுக்கும் அப்படியே அனுப்பிவிடும். வினோத் பரத்வாஜும் லாரி பிளேரும் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கல்பனா என்ற நிறுவனம், 1990-இல் ஏழு போர்ட் கொண்ட முதல் ஈதர்நெட் ஸ்விட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1994-இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. எந்தத் துளையில் எந்தக் கருவி இருக்கிறது என்பதை ஸ்விட்ச் அதன் வன்பொருள் முகவரியை வைத்துக் கற்றுக்கொள்கிறது. தகவலை உரிய துளைக்கு மட்டும் அனுப்புகிறது. அதன் அறிவு இத்துடன் முடிகிறது. அந்தத் தகவல் பக்கத்து அறை அச்சுப்பொறிக்குப் போகிறதா, கடல் கடந்து போகிறதா, கடல் கடக்கும் வழி இப்போது உயிரோடு இருக்கிறதா என்பது எதுவும் ஸ்விட்சுக்குத் தெரியாது.

வீட்டுக்குள் ரவுட்டர்

ரவுட்டரின் வரலாறு ஸ்விட்சினுடையதைவிட நீளமானது. 1969-இல் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் தொடங்கியபோது ஒவ்வொரு கணினி மையத்தின் வாசலிலும் நின்று தகவல் பொட்டலங்களுக்கு வழிகாட்டிய இயந்திரங்கள் அதன் மூதாதைகள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லென் போசாக்கும் சாண்டி லெர்னரும் 1984-இல் தொடங்கிய சிஸ்கோ ரவுட்டரைச் சந்தைப் பொருளாக்கியது. ஒரு வலைப்பின்னலுக்கும் இன்னொரு வலைப்பின்னலுக்கும் நடுவே நின்று, போகவேண்டிய முகவரியைப் பார்த்து வழி சொல்வது ரவுட்டரின் தொழில். அதற்கென அது ஒரு வழித்தட அட்டவணையை வைத்திருக்கிறது. ஓர் ஊருக்கு இரண்டு வழி இருந்தால் எது முதல், எது இரண்டாவது என்று அந்த அட்டவணையில் எழுதிவைக்க முடியும். மாற்று இணைப்பின் கருவே இந்த வசதிதான்.

வீடுகளுக்கு ரவுட்டர் வந்தது வேறொரு காரணத்தால். இணைய முகவரிகள் தீர்ந்துவிடும் என்ற கவலையில், ஒரே பொது முகவரியைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்ளும் முறையை கெல்ட் எகெவாங்கும் பால் ஃபிரான்சிஸும் 1994 மே மாதம் ஆவணமாக்கினர். நேட் என்று அறியப்படும் முறை இது. 1996-இல் 192.168 என்று தொடங்கும் முகவரிகள் உள்பட மூன்று தொகுதிகள் தனிப் பயன்பாட்டுக்கென உறுதியாக ஒதுக்கப்பட்டன. உள்ளே எத்தனை கருவி இருந்தாலும் வெளியே ஒரே முகவரி தெரியும். எந்த உரையாடல் எந்தக் கருவியுடையது என்ற கணக்கை ரவுட்டர் வைத்துக்கொள்ளும்.

கேபிள் இணையக் காலத்தில் வீட்டில் ரவுட்டர் வைப்பது எளிதாக இல்லை. பல ஆபரேட்டர்கள் சந்தாவை ஒரே கணினியின் வன்பொருள் முகவரியோடு பிணைத்திருந்தார்கள். தனி மென்பொருளில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைய வேண்டிய சேவைகளும் இருந்தன. கணினியின் முகவரியை ரவுட்டர் நகலெடுத்துக் காட்டும் வசதியைத் தேடிப் பிடித்து இயக்கியவர்களே இந்தக் கட்டைத் தாண்டினார்கள். 2004-இல் மத்திய அரசு அறிவித்த அகலப்பட்டைக் கொள்கை நொடிக்கு 256 கிலோபிட்டைக் குறைந்தபட்ச வேகமாக வகுத்தது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் சேவையைத் தொடங்கியது. மோடமும் ரவுட்டரும் ஒரே பெட்டியாகச் சேர்ந்து வீட்டுக்குள் நுழைந்தது டி.எஸ்.எல். பரவிய இந்தக் காலத்தில்தான். அந்தப் பெட்டிகள் பலவற்றின் உள்முகவரி 192.168.1.1.

இரண்டு பெட்டி, ஒரு ஸ்விட்ச்

கேபிள் இணைப்பு ஏற்கெனவே இருந்த வீட்டுக்கு டி.எஸ்.எல். இணைப்பும் வந்தபோது, இரண்டு பெட்டிகளின் கேபிளையும் ஒரு ஸ்விட்சில் சொருகிவிட்டால் போதும் என்று தோன்றுவது இயல்பு. சொருகினால் என்ன நடக்கும் என்பது ஸ்விட்சின் இயல்பிலிருந்தே விளங்கும்.

இரண்டு பெட்டிகளும் ரவுட்டர்களாக இருந்தால், இரண்டும் உள்முகவரி வழங்கத் தொடங்கும். கணினியோ கைபேசியோ முகவரி கேட்கும்போது எந்தப் பெட்டி முந்திக்கொண்டு பதில் சொல்கிறதோ அதுவே அந்தக் கருவிக்கு வாசல். வீட்டில் பாதிக் கருவிகள் ஒரு நிறுவனத்தின் வழியாகவும் மறுபாதி மற்றதன் வழியாகவும் போகும். எது எந்தப் பக்கம் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். ஓர் இணைப்பு அறுந்தால் அதைப் பிடித்திருந்த கருவிகள் அதையே பிடித்துக்கொண்டிருக்கும். யாராவது கேபிளைப் பிடுங்கிக் கருவியை மீண்டும் இயக்கும்வரை, பக்கத்தில் நல்ல இணைப்பு இருந்தும் பயன் இல்லை. இரண்டு பெட்டிகளின் முகவரியும் 192.168.1.1 என்றே இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஒரே முகவரிக்கு இரண்டு பேர் உரிமை கோர, தகவல் ஒரு நேரம் இங்கும் ஒரு நேரம் அங்கும் போய் இரண்டுமே அறுந்தறுந்து வரும்.

பெட்டிகளின் முகவரியை வேறாக்கி, ஒன்றில் முகவரி வழங்கலை நிறுத்தி, தேவையானபோது கணினியில் வாசல் முகவரியைக் கையால் மாற்றுவது ஒரு சமாளிப்பு. ஒரு கணினி இருந்த வீட்டில் அது ஓடியது; கைபேசிகளும் தொலைக்காட்சியும் கண்காணிப்புக் கேமராவும் சேர்ந்தபின் ஓடவில்லை. ஒரே ஸ்விட்சுக்குள் இரண்டு கேபிள் தவறுதலாகச் சுற்றிவந்து சேர்ந்தால் தகவல் முடிவின்றிச் சுழன்று வலைப்பின்னல் முழுவதும் முடங்கும். இந்தச் சுழலைக் கண்டு அறுக்கும் முறையை டெக் நிறுவனத்தின் ரேடியா பெர்ல்மன் 1985-இல் வகுத்தார். 1990-இல் அது பொதுத் தரமாயிற்று. ஆனால் வீட்டுக்கு வாங்கும் மலிவு ஸ்விட்சுகளில் அந்த வசதி பெரும்பாலும் இருப்பதில்லை.

மின்வெட்டும் டேட்டா கார்டும்

2008-க்குப் பிந்தைய சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் மின்வெட்டின் ஆண்டுகள். 2012-இல் சென்னைக்கே நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் அறிவிக்கப்பட்ட வெட்டு இருந்தது. பிற மாவட்டங்களில் அதைவிடப் பல மணி நேரம் போயிற்று. வீடுகளில் இன்வெர்ட்டர் பெருகியது இந்தக் காலத்தில். இரட்டை இணைப்பில் இரு கருவிகளின் பங்கையும் அதை வைத்தே சொல்லிவிடலாம்: தெருமின்சாரம் போனதை உணர்ந்து பேட்டரிக்கு மாறும் இன்வெர்ட்டரின் வேலை ரவுட்டருடையது, வந்த மின்சாரத்தை நான்கு பிளக்குக்குப் பிரித்துத் தரும் எக்ஸ்டென்ஷன் போர்டின் வேலை ஸ்விட்சுடையது.

மாடியிலிருந்த ஸ்விட்சுகளுக்கு மின்சாரம் இல்லாதபோது கேபிள் இணையமும் நின்றது. வீட்டில் இன்வெர்ட்டர் ஓடியும் இணையம் இல்லை என்ற நிலை கம்பியில்லா மாற்றுக்கு வழிவிட்டது. 2009-இல் பி.எஸ்.என்.எல். சென்னையில் 3ஜி சேவையைத் தொடங்கியது. 2010-இல் அலைக்கற்றை ஏலம் எடுத்த தனியார் நிறுவனங்கள் பின்தொடர்ந்தன. யு.எஸ்.பி. டேட்டா கார்டு வேலைக்குப் போகிறவர்களின் பையில் இடம்பிடித்தது. அந்தக் கார்டைச் சொருகும் துளையோடு வந்த மலிவு ரவுட்டர்கள்தாம் தானாக மாறும் இணைப்பை முதன்முதலில் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுவந்தன. டி.பி.-லிங்கின் எம்.ஆர்.3420 போன்றவற்றில் கம்பி இணைப்புக்கு முன்னுரிமை, அது போனால் 3ஜி என்று ஒரே ஒரு தேர்வைக் குறித்துவிட்டால் போதும்.

இரண்டு கம்பி இணைப்புகளை வைத்திருந்த சிறு அலுவலகங்களும் பிரௌசிங் சென்டர்களும் வேறு பெட்டியை நாடின. ஒன்றிலிருந்து நான்கு இணைப்புவரை ஏற்கும் டி.பி.-லிங்கின் ஆர்470டி பிளஸ் மலிவானது. லாட்வியாவின் ரிகா நகரில் 1996-இல் தொடங்கிய மைக்ரோடிக் நிறுவனத்தின் ரவுட்டர்கள், அமைப்பு தெரிந்தவர்களின் தேர்வு. கேபிள்காரர்களே அவற்றைத் தங்கள் மையங்களில் பயன்படுத்தினார்கள். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு இத்தகைய கருவிகளுக்குச் சென்னையின் பெரும் சந்தையாக இருந்துவருகிறது.

ஃபைபர் வந்தபின்

கண்ணாடி இழை இணைப்பு புறநகருக்கு வந்ததும் மொட்டை மாடி ஸ்விட்சுகளின் காலம் முடியத் தொடங்கியது. 2003-இல் தரப்படுத்தப்பட்ட ஜிபான் முறையில் மையத்திலிருந்து கிளம்பும் ஓர் இழை, வழியில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கப்படுகிறது. பிரிக்கும் கருவிக்கு மின்சாரமே தேவையில்லை. ஒளியைப் பங்கிடுவதோடு சரி. 20 கிலோமீட்டர்வரை வழியில் மின்சாரம் வேண்டாம் என்பதால், பக்கத்து வீட்டு ஃபியூஸ் தெருவின் இணையத்தைத் தீர்மானிக்கும் நிலை போயிற்று. ஜியோ தன் கைபேசிச் சேவையை 2016 செப்டம்பரிலும் ஃபைபர் சேவையை 2019 செப்டம்பரிலும் தொடங்கியபின் ஏர்டெல், ஏ.சி.டி., பி.எஸ்.என்.எல். ஆகியவற்றோடு போட்டி கூடிக் கட்டணம் இறங்கியது. இரண்டாவது இணைப்பு நடுத்தரக் குடும்பத்தின் கைக்கெட்டியது.

அது தேவையாகவும் மாறியது 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் பொதுமுடக்கம் தொடங்கியபோது. மணப்பாக்கம், போரூர் வளாகங்களின் வேலை ஊழியர்களின் வீடுகளுக்கு இடம்பெயர்ந்தது; வீட்டிலிருந்து வேலை செய்வதற்கான விதிகளை மத்திய தொலைத்தொடர்புத் துறை அந்த மாதமே தளர்த்தியது. ஒரே வீட்டில் ஒருவர் அலுவலகக் கூட்டத்தில், பிள்ளைகள் இணைய வகுப்பில். அரை மணி நேரத் துண்டிப்பு என்பது இப்போது சம்பளத்தையும் படிப்பையும் தொடும் செய்தி. அடுத்த ஆண்டுகளில், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிவரையிலான மெட்ரோ ரயில் இரண்டாம் கட்ட வழித்தடத்தின் பணிகள் மவுண்ட்–பூந்தமல்லி சாலைக்கு வந்தன. காட்டுப்பாக்கத்துக்கும் அதில் ஒரு நிலையம் உண்டு. உயர்மட்டப் பாதைக்குத் தூண் எழும்பும் சாலையில் தோண்டுவதும் கேபிள்களை இடம்மாற்றுவதும் தவிர்க்க முடியாதவை.

மாறுவது எப்படி

இரட்டை இணைப்பு ரவுட்டரில் இரண்டு நிறுவனங்களின் பெட்டிகளுக்கும் தனித்தனித் துளை. வழித்தட அட்டவணையில் முதல் இணைப்புக்குத் தூரம் 1, இரண்டாவதற்கு 2 என்று எழுதப்படும். முதல் வழி உயிரோடு இருக்கும்வரை எல்லாத் தகவலும் அதில் போகும். அது அட்டவணையிலிருந்து நீங்கினால் அடுத்தது அதன் இடத்துக்கு வரும். வீட்டுக் கருவிகளுக்கு இது எதுவும் தெரியாது. அவற்றுக்கு வாசல் எப்போதும் ஒன்றே.

நுட்பம் இருப்பது, வழி செத்துவிட்டதை எப்படி அறிவது என்பதில். கேபிள் பிடுங்கப்பட்டால் துளையின் விளக்கு அணைவதை வைத்து ரவுட்டர் உடனே அறியும். ஆனால் தெருவில் இழை அறுந்தால் வீட்டிலிருக்கும் ஃபைபர் பெட்டிக்கு ஒன்றும் ஆவதில்லை. அது 192.168.1.1 என்ற முகவரியில் நன்றாகவே பதில் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தப் பெட்டியைக் கேட்டு முடிவெடுக்கும் ரவுட்டர் இணைப்பு இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும். ஆகவே சோதனை வீட்டைத் தாண்டி வெளியே போக வேண்டும். முதல் இணைப்பு வழியாகக் கூகுளின் 8.8.8.8, இரண்டாவதன் வழியாக கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 என்று பொதுச் சேவையகங்களுக்குச் சில நொடிகளுக்கு ஒருமுறை சோதனைப் பொட்டலம் அனுப்பி, தொடர்ந்து சிலமுறை பதில் வராவிட்டால் வழி மூடியதாகக் கொள்வது நடைமுறை. மைக்ரோடிக் ரவுட்டரின் இயல்பு அமைப்பில் சோதனை 10 நொடிக்கு ஒருமுறை. இருமுறை தவறினால் மாற்றம். மிகக் குறைவான அவகாசம் வைத்தால் சின்னத் தடுமாற்றத்துக்கெல்லாம் ரவுட்டர் முன்னும் பின்னும் தாவும். மிக அதிகம் வைத்தால் காத்திருப்பு நீளும்.

மாற்றம் நடந்தாலும் அது தடம் தெரியாமல் நடப்பதில்லை. புதிய இணைப்பின் வெளிமுகவரி வேறு. பழைய முகவரியில் நடந்துகொண்டிருந்த உரையாடல்கள் அறுந்து புதிதாகத் தொடங்க வேண்டும். இணையப் பக்கம் படிப்பவருக்கு வேறுபாடு தெரியாது, காணொளிக் கூட்டம் சில நொடி உறைந்து மீளும், அலுவலக வி.பி.என். மீண்டும் இணையக் கேட்கும். இரண்டு இணைப்புகளையும் ஒரே நேரத்தில் பயன்படுத்திச் சுமையைப் பகிரும் முறையில் வேறொரு தொல்லை: ஒருவரின் கோரிக்கைகள் மாறிமாறி இரண்டு முகவரிகளிலிருந்து போவதைக் கண்டு வங்கித் தளங்கள் அவரை வெளியேற்றிவிடக்கூடும். ஒரு கருவியின் உரையாடல் முழுவதையும் ஒரே வழியில் நிறுத்தும் அமைப்பு அதனால் இந்த ரவுட்டர்களில் சேர்ந்தது. நிறுவனத்தின் பெட்டியே ரவுட்டராக இருக்க, அதன் பின்னால் இன்னொரு ரவுட்டர் வருவதால் முகவரி மாற்றம் இருமுறை நடக்கிறது. அன்றாடப் பயன்பாட்டுக்கு இது இடையூறில்லை. நிறுவனங்களின் இரண்டு பெட்டிகள், வீட்டு ரவுட்டர் ஆகிய மூன்றின் முகவரித் தொகுதிகளும் வேறுவேறாக இருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

ஸ்விட்சுக்கு உரிய இடம்

இரட்டை இணைப்பு ரவுட்டர் வந்தபின்னும் ஸ்விட்ச் வீட்டைவிட்டுப் போகவில்லை, இடம் மாறியது. ரவுட்டருக்கு உள்பக்கம், அறைகளுக்கும் மாடிக்கும் கேபிள் பிரிக்க அதுவே ஏற்றது. வெளிப்பக்கத்திலும் அதற்குச் சில வேலைகள் உண்டு. ஒரே இழுப்புக் கேபிளில் இரண்டு இணைப்புகளையும் கலக்காமல் கொண்டுவர வேண்டியிருந்தால், 1998-இல் தரப்படுத்தப்பட்ட வி.லேன் முறையைப் புரிந்துகொள்ளும் ஸ்விட்ச் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்துப் பிரித்து அனுப்பும். ரவுட்டரே பழுதாகலாம் என்று இரண்டு ரவுட்டர் வைக்கும் அலுவலகத்தில், ஓர் இணைப்பை இரண்டுக்கும் கொடுக்க ஸ்விட்ச் வேண்டும். இரண்டு ரவுட்டர்களில் எது இப்போது பொறுப்பு என்பதைத் தீர்மானிக்கும் நெறிமுறையும் 1998-இல் வெளியானதே. பெரிய நிறுவனங்களின் மூன்றாம் அடுக்கு ஸ்விட்சுகள் வழித்தடமும் பார்க்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வீட்டுக்குத் தேவையான முகவரி மாற்றத்தைச் செய்வதில்லை.

ஒரே கம்பத்தில் இரண்டு கம்பி

இரண்டு நிறுவனங்களிடம் பணம் கட்டுவதால் மட்டும் இரண்டு வழி கிடைத்துவிடாது. 1986 டிசம்பர் 12 அன்று அமெரிக்காவில் ஓர் இழைக் கேபிள் அறுந்து, நியூ இங்கிலாந்து பகுதி முழுவதும் ஆர்ப்பாநெட்டிலிருந்து பல மணி நேரம் துண்டிக்கப்பட்டது. அந்தப் பகுதிக்கு ஏழு தனித்தனி இணைப்புகள் இருந்தன. ஏழும் அந்த ஒரே கேபிளுக்குள் போயின. புறநகர்த் தெருவில் இதன் சிறிய வடிவம் அன்றாடக் காட்சி: இரண்டு நிறுவனங்களின் இழைகளும் ஒரே மின்கம்பத்தில், ஒரே கொக்கியில். உயரமாகச் சரக்கேற்றிய லாரி ஒன்று இழுத்துப் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையின் மரங்கள் விழுந்தபோது கம்பங்களில் தொங்கிய கேபிள்கள் மொத்தமாக அறுந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை உள்படப் பல பகுதிகள் நீரில் நின்றன. மின்சாரமும் கைபேசிக் கோபுரங்களும் சேர்ந்து ஓய்ந்தன.

வழிகள் உண்மையிலேயே வேறாக இருந்தால் பலன் உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே இரண்டு கடலடிக் கேபிள்கள் அறுந்து இந்தியாவின் மேற்கத்திய இணையத் திறன் பெரிதும் சுருங்கியது. நிறுவனங்கள் போக்குவரத்தைக் கிழக்கே, சிங்கப்பூர் வழியாகத் திருப்பின. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002-இல் ஐ2ஐ கேபிளும் 2004-இல் டாடா நிறுவனத்தின் கேபிளும் ஏற்கெனவே போடப்பட்டிருந்ததால் நாடு முழுவதும் முடங்கவில்லை.

முகவரிகூட மாறாமல் வழிமாறும் முறை இத்தகைய பெரிய நிறுவனங்களின் மட்டத்தில் இயங்குவதே. 1989-இல் சிஸ்கோவின் கிர்க் லாஹீடும் ஐ.பி.எம்.மின் யாகோவ் ரெக்டரும் வகுத்த பி.ஜி.பி. நெறிமுறையில், ஒரு நிறுவனம் தன் சொந்த முகவரித் தொகுதியை இரண்டு சேவையாளர்கள் வழியாகவும் உலகுக்கு அறிவிக்கிறது. ஒன்று அறுந்தால் உலகம் மற்ற வழியில் அதே முகவரிக்கு வந்து சேரும். இதற்குத் தனி வலைப்பின்னல் எண்ணும், நடைமுறையில் குறைந்தது 256 முகவரிகள் கொண்ட தொகுதியும் வேண்டும். 1960-களில் தொழிற்பேட்டை தொடங்கப்பட்ட அம்பத்தூரில் இன்று இயங்கும் என்.டி.டி., கண்ட்ரோல்-எஸ் போன்ற தரவு மையங்களில் இடம் எடுக்கும் நிறுவனங்களுக்கு இது சாத்தியம். சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காட்டுப்பாக்கத்து வீட்டுக்கு நேட் ரவுட்டரின் மாற்றமே எட்டுகிறது.

2023 செப்டம்பரில் ஜியோ ஏர்ஃபைபர் சென்னை உள்பட எட்டு நகரங்களில் தொடங்கியதோடு 5ஜி வழியிலான நிலையான வீட்டு இணைப்பு மூன்றாவது தேர்வாகச் சேர்ந்தது. அது மின்கம்பத்தில் வருவதில்லை என்பதால், ஃபைபருக்குத் துணையாக இன்னொரு ஃபைபரை வாங்குவதைவிட வழியால் வேறுபட்டது. டேட்டா கார்டுக் காலத்தின் ஏற்பாடு, கம்பி முதல், காற்று இரண்டாவது என்ற அதே வரிசையில், கூடுதல் வேகத்தோடு திரும்பியிருக்கிறது. இன்றைய வீட்டு அமைப்பின் உறுப்புகளும் இந்த வரலாற்றில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவையே: வழியால் வேறுபட்ட இரண்டு இணைப்புகள், இரண்டையும் தனித்தனித் துளையில் ஏற்று, வெளியே சோதித்து, தேர்ந்தெடுக்கும் ஒரு ரவுட்டர், அதன் உள்பக்கம் ஒரு ஸ்விட்ச், இவை எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் ஒரு சிறிய 12 வோல்ட் யு.பி.எஸ்.